மூன்றாவது இலை

சுரங்கக் கம்பெனியின் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் இருந்த முப்பத்தொரு வருடத்தில் நான் எண்ணாமல் விட்டது ஒன்றுதான். வீட்டில் எரிந்த மின்சாரம். சம்பளத்தில் அதற்கென்று பிடிக்கும் தொகை இருக்கிற இடம் தெரியாது. எங்கள் பிளாக்கில் எல்லார் வீட்டிலும் சுருள்கம்பி ஹீட்டர்தான் அடுப்பு. காலையில் போட்டால் டிபன், சோறு, குளிக்க வெந்நீர் என்று மதியம்வரை சிவந்தே கிடக்கும். நிறுத்தினால் மறுபடி சூடேற நேரமாகும் என்று யாரும் இடையில் நிறுத்துவதில்லை. ஊருக்குப் போகும்போதும் வாசல் விளக்கை எரியவிட்டுப் போவோம். திருடன் வராமல் இருக்க அது பூட்டைவிட மலிவு.

மற்றதையெல்லாம் எண்ணினேன். சுரங்கத்தில் என் வேலையே அதுதான். மண்ணை வெட்டும் பக்கெட் வீல் மெஷின், பெல்ட், பம்ப் எல்லாவற்றிலும் ஹவர் மீட்டர் என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கும். மெஷின் ஓடிய மணி நேரத்தை அது எண்ணிக்கொண்டே போகும். ஷிப்ட் முடிவில் ஆபரேட்டர் அந்த எண்ணைப் பார்த்து லாக் ஷீட்டில் எழுத வேண்டும். பலர் பார்க்க மாட்டார்கள். ஷிப்டுக்கு எட்டு மணி என்று முந்தைய எண்ணோடு எட்டைக் கூட்டி எழுதிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்கள். நான் இறங்கிப் போய் மீட்டரைப் பார்த்துப் பிடிப்பேன். அப்படிப் பிடிபட்ட பதிவைச் சிவப்பு மையால் அடித்து, மேலே சரியான எண்ணை எழுதி, பக்கத்தில் இனிஷியல் போட வேண்டும். அது விதி. என்னை 'எட்டு' என்றே கூப்பிட்டவர்கள் உண்டு. என் முதுகுக்குப் பின்னால்தான், ஆனால் எனக்குக் கேட்கும்படி.

ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வடக்குத்துப் பக்கம் கட்டியிருந்த வீட்டுக்கு வந்தோம். மொட்டை மாடியில் நின்றால் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். அங்கிருந்து புறப்படும் மின்சாரம் எங்கெங்கோ சுற்றிவிட்டு என் வீட்டு மீட்டருக்கு வரும்போது யூனிட்டுக்கு இவ்வளவு என்று விலை ஒட்டிக்கொண்டு வருவது எனக்குப் புதிது. மீட்டர் பெட்டிக்குள் ஒரு வெள்ளை அட்டை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுப்பவர் வந்து அதில் எழுதுவார். ஐநூறு யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடாது, கீழே இருப்பவையும் சேர்ந்து மேல்படிக்கு ஏறிவிடும். முதல் பில்லைப் பார்த்த அன்று ஹீட்டரைக் கழற்றிப் பரணில் போட்டேன்.

ஆயிரம் ரூபாய் நோட்டும் ஐநூறு ரூபாய் நோட்டும் செல்லாமல் போன வருடம், பில் கட்டும் கவுன்ட்டரில் இரண்டு முறை நின்று திரும்பினேன். சென்னையில் வேலை பார்க்கும் மகள் அந்த வாரம் வந்தவள் என் போனில் ஒரு ஆப்பை ஏற்றிக் கொடுத்தாள். பில் வந்ததும் ஆப் தானாக எடுத்துக் கட்டிவிடும். எத்தனை யூனிட் என்பதையும் எடுத்துக்கொள்ளும். போன முறையைவிடக் குறைவாக எரித்திருந்தால் திரையில் ஒரு பச்சை இலை விழும். அதன் கீழே, உங்கள் வீட்டால் காற்றில் கலக்காமல் போன கரி இத்தனை கிலோ என்று வரும். வாழ்நாள் முழுக்கப் பழுப்பு நிலக்கரியை வெளியே எடுத்துக் கணக்கு எழுதியவனுக்கு இப்படி ஒரு பாராட்டு.

"எலையா? எந்த மரத்து எலை?" என்றாள் என் மனைவி.

"மரம் இல்ல. போன்ல வர்றது."

"முந்திரி எலையா பாத்து குடுக்க சொல்லுங்க. எங்க ஊர்ல அத எரிச்சி நெல்லு அவிக்கலாம்."

அவள் காடாம்புலியூர்க்காரி. சின்ன வயதில் முந்திரிக்கொட்டை வறுக்கும் புகையில் நின்றவள். அந்தப் புகைதானா என்று பிற்பாடு டாக்டரிடம் கேட்டேன். அப்படி ஒன்றைக் காட்டிச் சொல்ல முடியாது என்றார். அவளுடைய நுரையீரல் தழும்பேறிச் சுருங்கிக்கொண்டு வந்தது. கிணற்றடி வரை போய் வந்தாலே சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நான் அவள் நிற்கும் தடவைகளை எண்ணினேன். ஒரு நாளைக்குப் பதினான்கு வந்தபோது ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். வீட்டில் ஆக்சிஜன் மெஷின் வைத்து, தினம் பதினாறு மணி நேரம் மூக்குக் குழாயோடு இருக்க வேண்டும் என்றார்கள். இன்னும் ஒரு வருடத்தில் இருபத்து நான்கு மணி நேரமும் தேவைப்படலாம் என்று என்னிடம் தனியாகச் சொன்னார்கள்.

கடலூரிலிருந்து வாடகைக்கு மெஷின் வந்தது. டிரங்குப் பெட்டி அளவு இருக்கும். காற்றை இழுத்து, ஆக்சிஜனைப் பிரித்து, குழாயில் விடும். நாள் பூராவும் உறுமும்.

"உங்க மெஷினு பூமிய தோண்டிச்சி. என் மெஷினு காத்த தோண்டுது," என்று சிரித்தாள். சிரித்ததற்கு மூச்சு வாங்கியது.

மெஷின் முந்நூற்றைம்பது வாட். பதினாறு மணி நேரத்துக்கு ஐந்தரை யூனிட்டுக்கு மேல். இரண்டு மாதத்துக்கு முந்நூற்று முப்பத்தாறு. வீட்டுச் செலவையும் சேர்த்தால் ஐநூறின் விளிம்பு. முதல் ரீடிங்கில் ஐநூற்று ஏழு வந்தது.

"ஏழு யூனிட்ல போச்சே சார்," என்றார் ரீடிங் எடுப்பவர், அட்டையில் எழுதிக்கொண்டே. "ரெண்டு நாள் ஃபேன நிறுத்தியிருந்தா நின்னிருக்கும்."

அவர் விளையாட்டாகச் சொன்னார். எனக்கு அது விளையாட்டாக இல்லை. ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அது கட்ட முடியாத தொகை இல்லை. முணுமுணுத்துக்கொண்டே கட்டியிருக்கலாம். பயம் அந்த ஏழு யூனிட்டைப் பற்றியது இல்லை. இருபத்து நான்கு மணி நேரம் என்று ஆகிவிட்டால் மெஷின் மட்டுமே ஐநூற்று நான்கு யூனிட். அதற்கு மேல் கரண்ட் போகும் நேரங்கள் வேறு. டவுன்ஷிப்பில் கரண்ட் போனால் அது செய்தி. இங்கே போகாவிட்டால் செய்தி. ஒவ்வொரு முறை போகும்போதும் அவள் உதட்டின் நிறத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மாடியில் சோலார் பலகையும் கீழே பேட்டரியும் வைத்துவிட்டால் அவள் மூச்சுக்கு இந்தக் கம்பியை நம்ப வேண்டாம். கையிலிருந்த சேமிப்பில் பெரும்பகுதி வீட்டிலும், மீதி அவளுடைய முதல் ஆஸ்பத்திரி வாசத்திலும் போயிருந்தது.

அந்த ஆப்பிலேயே ஒரு விளம்பரம் வந்தது. சோலாருக்குக் கடன், ஐந்து நிமிடத்தில் முடிவு. எந்த அலுவலகத்துக்கும் போக வேண்டாம். ஆதார் கேட்டது, பான் கேட்டது, கேமராவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டச் சொன்னது. சிமிட்டினேன். மூன்றாவது நிமிடத்திலேயே பதில் வந்தது. தற்போது இயலவில்லை.

மகளைக் கூப்பிட்டேன்.

"உங்களுக்கு ஸ்கோரே இல்லப்பா," என்றாள். "கடன் வாங்கிக் கட்டினாதான் ஸ்கோர் வரும். நீங்க வாங்கினதே இல்லையே."

"வாங்காம இருந்தது தப்பா?"

"தப்பில்ல. அதுக்கு நீங்க யாருன்னு தெரியல, அவ்ளோதான். வீட்டுக் கடன் இருக்கறதால என் பேர்லயும் இப்ப கிடைக்காது. நான் மாசாமாசம் கொஞ்சம் அனுப்பறேன், சேத்து வைங்க."

வேண்டாம் என்றேன். வேகமாகச் சொல்லிவிட்டேன். அவளும் மறுபடி கேட்கவில்லை.

ஆனால் பதிலின் அடியில் சின்ன எழுத்தில் இன்னொன்று இருந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படித்தேன். தொடர்ந்து மூன்று முறை இலை பெறும் வாடிக்கையாளரின் விண்ணப்பம் மீண்டும் பரிசீலிக்கப்படும். கடன் வாங்காதவனை அளக்க அவர்களிடம் வேறு கோல் இல்லை. மின்சாரத்தைக் குறைப்பவன் ஒழுங்காகக் கட்டுவான் என்று யாரோ கணக்குப் போட்டிருக்க வேண்டும். எனக்கு அந்தக் கணக்கு பிடித்தது. நான் போட்டிருந்தாலும் அப்படித்தான் போட்டிருப்பேன்.

"மூணு இலை வேணும்," என்று என் மனைவியிடம் சொன்னேன். "மூணு வந்துட்டா சோலார் வந்துடும். அப்புறம் நீ நாள் முழுக்க வெச்சுக்கலாம்."

"ஆறு மாசமா?"

"ஆறு மாசம்."

அதை நான் ஒருமுறை சொல்லி நிறுத்தியிருக்கலாம். தினமும் சொன்னேன். விளக்கு போடும்போது சொன்னேன், மோட்டார் நிறுத்தும்போது சொன்னேன். பகலில் நான்கு மணி நேரம் ஃப்ரிட்ஜை நிறுத்தினேன். டிவியைப் பிளக்கோடு பிடுங்கினேன். கால் வாசலில் இருக்கும்போதே செருப்பைக் கழற்றிவிட்டு ஓடி வந்து ஃபேனை அணைத்திருக்கிறேன். "சும்மா எண்ணிகினே இருக்கீங்க, போயி நடந்துட்டு வாங்க," என்று அவள்தான் துரத்துவாள். காலையில் ஒரு நடை, லைப்ரரி. மாலையில் பால் வாங்க ஒரு நடை.

எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதினேன். நாள், வீட்டு மீட்டர் எண், கரண்ட் போன நேரம், மெஷின் ஓடிய மணி. ஆக்சிஜன் மெஷினிலும் ஹவர் மீட்டர் உண்டு. பின்பக்கம், கீழே, சுவரைப் பார்த்தபடி. முதல் இரண்டு மாதமும் தினமும் முட்டி போட்டுக் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் பதினாறு கூடியிருந்தது. அதற்குப் பிறகு முட்டி வலித்தது. நடை முடிந்து வந்ததும் கேட்பேன்.

"ஓடிச்சா?"

"ஓடிகினுதான் இருந்திச்சி."

பதினாறு என்று எழுதுவேன்.

இரண்டாவது ரீடிங்கில் நானூற்று எழுபத்தெட்டு. முதல் இலை விழுந்தது. மூன்றாவதில் நானூற்று நாற்பத்தொன்று. இரண்டாவது இலை. அவளிடம் போனைக் கொண்டுபோய்க் காட்டினேன். முதல் ரீடிங்கோடு பார்த்தால் இரண்டு தடவையிலும் சேர்த்துத் தொண்ணூற்றைந்து யூனிட் மிச்சம் பிடித்தேன் என்று மகளுக்கும் சொன்னேன். என் குரலில் பெருமை இருந்தது. அந்த நான்கு மாதத்தில் என் மனைவி இளைத்திருந்தாள். பேச்சின் நடுவில் நிறுத்தி மூச்சை எடுத்துக்கொண்டு மிச்சத்தைச் சொன்னாள். அதையும் எண்ணினேன், வாக்கியத்துக்கு இத்தனை நிறுத்தம் என்று. நோய் ஏறுகிறது, சோலார் வந்துவிட வேண்டும், இன்னும் ஒரே ஒரு இலை. இப்படித்தான் என் மனம் ஓடியது.

மூன்று நாள் கழித்து, மெஷின் கொடுத்த கடையிலிருந்து ஃபில்டர் மாற்ற ஆள் வந்தார். மெஷினைச் சுவரிலிருந்து இழுத்துத் திருப்பினார். பின்பக்கத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"நல்லாதான் பாத்துக்கிறீங்க சார். எதிர்பார்த்த அளவுக்கு ஓடல. ஃபில்டர் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். இப்ப மாத்தவா, விடவா?"

"எதிர்பார்த்த அளவுன்னா?"

"பதினாறு மணி நேரக் கேஸ்தான? அதுக்கு இது கம்மி."

நோட்டை எடுத்து வந்தேன். மெஷின் வந்த அன்று 3,118. அன்றோடு நூற்று எண்பது நாள். கரண்ட் போய் ஈடுகட்ட முடியாமல் விட்ட பதினொரு மணி நேரத்தைக் கழித்தால் 5,987 இருக்க வேண்டும். முட்டி போட்டுக் குனிந்தேன். 5,775 இருந்தது. மீட்டரில் தூசு இருக்கிறதென்று துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு மணி நேரம் காணவில்லை.

அந்த ஆள் போகும்வரை அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப நிறுத்தின?" என்றேன்.

"நீங்க நடக்க போற நேரந்தான்." மூச்சை எடுத்துக்கொண்டாள். "மொதல்ல காலையில மட்டும். அப்பறம் பாலு வாங்க போறப்பவும்."

"ஏன்?"

"மூணு எலை வேணும்னு நீங்கதான சொல்லிகினு இருந்தீங்க. நீங்க ஃபேன நிறுத்தறீங்க, ஃபிரிட்ஜ நிறுத்தறீங்க. இந்த வூட்லயே அதிகமா எரிக்கிறது நான்தான்."

"மூச்சு?"

"உக்காந்துகினு இருந்தா ஒண்ணும் தெரியாது. எழுந்தாதான்." பிறகு என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில், "சோலாரு வந்துட்டா சேத்து வெச்சிக்கலாம்னு நெனச்சேன்," என்றாள்.

மூச்சைச் சேர்த்து வைத்து வாங்கிக்கொள்ளலாம் என்று அவள் நினைத்ததில் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த வீட்டில் எல்லாவற்றைப் பற்றியும் அப்படித்தான் நான் பேசியிருந்தேன்.

இருநூற்றுப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு எழுபத்து நான்கு யூனிட். தொண்ணூற்றைந்தில் என்னுடையது இருபத்தொன்று. அத்தனை ஓடி, அத்தனை பிடுங்கி, இருபத்தொன்று.

அன்றிலிருந்து நடையை விட்டேன். பாலை வீட்டுக்கே போடச் சொன்னேன். மெஷினின் பின்பக்கம் என் பக்கம் தெரியும்படி திருப்பி வைத்து, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். இனி நாள் முழுக்க வைக்கச் சொன்னார். இது அதனால்தானா என்று கேட்டேன். "இந்த நோய் இப்படித்தான் போகும். அதனாலன்னு சொல்ல முடியாது. இல்லன்னும் சொல்ல முடியாது," என்றார். பின்பாதியைச் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று எனக்கு அப்போது தோன்றியது. இப்போது தோன்றவில்லை. அவர் பொய்யான பதிவு எழுதவில்லை.

இருபத்தேழு நாள் வீட்டில் வைத்திருந்தேன். இலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருநாள் நான் கொல்லைப்புறம் போயிருந்தபோது அவள் கை சுவிட்ச் பக்கம் போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். "வேணாம்," என்று அங்கிருந்தே சொன்னேன். அவள் கையை எடுத்துக்கொண்டு, திருட்டுத்தனம் பிடிபட்ட பெண் மாதிரி சிரித்தாள். இருபத்தெட்டாவது நாள் அவளால் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை. டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மகள் லீவு போட்டு வந்தாள். வீட்டைப் பூட்டினோம். ஃப்ரிட்ஜ் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

முப்பத்திரண்டு நாள் கழித்து, காலை பதினொன்று இருக்கும். வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். போன் ஒலித்தது. திரையில் இலை விழுந்துகொண்டிருந்தது. முந்நூற்றுப் பத்தொன்பது யூனிட். மூன்றாவது இலை. வாழ்த்துகள். காற்றில் கலக்காமல் நீங்கள் தடுத்த கரி நூறு கிலோவுக்குப் பக்கம். அதன் கீழேயே அடுத்த செய்தி, சோலார் கடனுக்கு நீங்கள் தகுதி பெற்றிருக்கிறீர்கள், முப்பது நாளுக்குள் ஒப்புதல் தரவும்.

பூட்டிக் கிடந்த வீட்டுக்குக் கிடைத்த இலை. உள்ளே யாரும் மூச்சு விடாததை அந்த ஆப் சிக்கனம் என்று எடுத்துக்கொண்டது. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன், அதுவும் பக்கத்திலேயே இருந்துகொண்டு.

உள்ளே போய் அவளிடம் சொன்னேன். "மூணாவது வந்துடுச்சு."

மாஸ்க்குக்குள் உதடு அசைந்தது. குனிந்து காதை வைத்தேன்.

"முந்திரியா?"

"ஆமா," என்றேன்.

நான்காம் நாள் போய்விட்டாள்.

மகள் இரண்டு வாரம் இருந்தாள். கடனுக்கு ஒப்புதல் கொடுங்கள், வீட்டுக்கு நல்லதுதானே என்றாள். யாருக்காக என்று நான் கேட்கவில்லை. முப்பது நாள் தானாகக் கழிந்தது. மெஷினைத் திருப்பி எடுத்துப் போக அதே ஆள் வந்தார். போகும் முன் மீட்டரைப் பார்த்து எழுதிக்கொண்டேன்.

ஒரு யூனிட்டுக்கு எங்கள் கரி ஏறத்தாழ ஒரு கிலோவும் கொஞ்சமும் வேண்டும். எழுபத்து நான்கு யூனிட்டுக்கு இரண்டு சிமெண்ட் மூட்டை எடைக்குள் அடங்கிவிடும். நான் கணக்கெழுதிய பக்கெட் வீல் மெஷினில் ஒரு பக்கெட் ஒரு கடியில் அள்ளுவதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. பெல்ட் ஓரத்தில் ஒரு ஷிப்டில் சிந்திக் கிடப்பது அதைவிட அதிகம். அதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. நானும் எழுதியதில்லை.

நோட்டு என்னிடம் இருக்கிறது. முதல் ரீடிங்குக்குப் பிறகு, மீட்டரைப் பார்க்காமல் எழுதிய நூற்றிருபது வரி, வரிக்கு ஒரு பதினாறு, எல்லாம் என் கையெழுத்து. விதிப்படி ஒவ்வொன்றையும் சிவப்பு மையால் அடித்து மேலே சரியான எண்ணை எழுத வேண்டும். பேனா வாங்கி வைத்திருக்கிறேன். முதல் வரியை அடித்தேன். அந்த நாளில் அவள் எவ்வளவு நேரம் நிறுத்தி வைத்திருந்தாள் என்று எனக்குத் தெரியாது. மொத்தம்தான் தெரியும். வகுத்து எழுதினால் அதுவும் எட்டைக் கூட்டி எழுதுவதுபோல்தான். அடித்த பதினாறுக்கு மேலே இடம் காலியாக இருக்கிறது. பக்கத்தில் இனிஷியல் மட்டும் போட்டிருக்கிறேன்.